மேசைமேல் ஒரு தாழ்ப்பாள்

பயப்படாதீங்க, வெடி கிடி ஒண்ணும் இல்ல. பட்டாசுக் கம்பெனி இருக்கிற இந்தப் பக்கத்து பஸ்ல பை கனமா இருந்தாலே எல்லாருக்கும் அந்த நெனப்புதான் வருது. கப்பிங்க. கிணத்துல தண்ணி எறைக்கிற கப்பி. கால்ல இடிச்சிருச்சா? இருங்க, இந்தப் பக்கம் நகத்தி வெச்சுக்கிறேன். உள்ள ஒரு பாக்குவெட்டி கெடக்கு, தேங்கா துருவுற மிஷின் ஒண்ணு கெடக்கு, சைக்கிள் பெடல் கெடக்கு. எல்லாம் பிள்ளைங்க வீட்டுச் சாமான். சாத்தூர்ல எல்லா ஸ்கூலும் சேந்து கண்காட்சி வெச்சாங்க. முடிஞ்சு போச்சு. திங்கக்கிழமை அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடுக்கணும்.

நான் டீச்சர். நாலாங் கிளாஸ். பேரு சுகந்தி. நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா? நானும் இன்னைக்கு கோவில்பட்டிதான். மத்த நாள்ல நடுவுல எங்க ஊருக்கு ரோடு பிரியிற விலக்குலயே எறங்கிருவேன். கோவில்பட்டில எங்க அக்கா இருக்கா. கால்ல ஆபரேஷன் பண்ணிருக்கா. பாத்து ரொம்ப நாளாச்சு. கண்காட்சி சீக்கிரம் முடிஞ்சிருச்சா, சரி, போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்னு டிக்கெட்ட எடுத்துட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. சொன்னா ஒண்ணும் திட்டமாட்டாரு. "எதுக்கு?"ன்னு கேப்பாரு. அவ்வளவுதான். எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

பைய விடுங்க. இந்தப் பையில இன்னொரு சாமான் இருந்திருக்கணும். அது இல்ல. அதாலதான் எங்க ஸ்கூலுக்கு பரிசு கெடைக்கலைன்னு எங்க எச்.எம். ஞானதுரை சாருக்கு என்மேல வருத்தம். எனக்கும் வருத்தந்தான். ஆனா அவரு நெனக்கிற மாதிரி இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்குறாங்க. நீங்க வெளி ஆளு. கேட்டுட்டுச் சொல்லுங்க.

எளிய இயந்திரங்கள்னு ஒரு பாடம். நெம்புகோல், கப்பி, சக்கரம், சாய்தளம், ஆப்பு, திருகு. நீங்களும் படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க. சின்ன விசைய வெச்சு பெரிய வேலையச் செய்ய உதவுறது எளிய இயந்திரம். இதான் விடை. இத பிள்ளைங்க ராகம் போட்டு கத்துவாங்க. கத்தி என்ன பிரயோசனம்? நான் அப்படி நடத்தமாட்டேன். வெளிய கூட்டிட்டுப் போயி கேட்ல இருக்கிற சக்கரத்தக் காட்டுவேன். எச்.எம். ரூமுக்கு முன்னாடி வண்டி ஏத்துறதுக்கு சிமெண்டுல சரிவா பூசிருக்காங்க, அதக் காட்டுவேன். வாசப்படில வண்டியத் தூக்கி வெச்சா மூச்சு வாங்கும், சரிவுல தள்ளுனா வாங்காது. அவ்வளவுதான சாய்தளம்?

அத காட்டும்போதுதான் பவதாரணி சொன்னா, "டீச்சர், எங்கப்பா லோடு ஆட்டோவுல பலகை வெச்சிருக்காரு. பலகை இல்லைன்னா எங்கப்பாவால ட்ரம்ம ஏத்தவே முடியாது"ன்னு. "அப்ப உங்கப்பாவவிட பலகைக்குப் பலம் ஜாஸ்தி"ன்னேன். கிளாஸே சிரிச்சுச்சு. அவ சிரிக்கல. "ஆமா டீச்சர்"னா. அப்படித்தான் அவ. ஒண்ணு சொன்னா அதப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிருவா.

அப்புறம் திருகு நடத்துனேன். கால் ஆடுற பழைய பெஞ்சு ஒண்ணு இருக்கு. அதுல இருந்த திருகை ஒரு ரூபாக் காசை வெச்சு கழட்டிக் காட்டுனேன். வலது பக்கம் திருப்புனா உள்ள போகும், இடது பக்கம் திருப்புனா வெளிய வரும். எல்லாரும் வரிசையா வந்து திருப்பிப் பாத்தாங்க. பவதாரணி வரிசைல மறுபடியும் வந்து நின்னா. "டீச்சர், ரொம்ப இறுக்கமா இருந்தா?"

"காசு பத்தாது. திருப்புளி வேணும்."

"துருப் பிடிச்சிருந்தா?"

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு கொஞ்ச நேரம் ஊறப் போடு. அப்புறம் திருப்பு. வந்துரும்."

"சின்னப் பிள்ளை திருப்புனாலும் வருமா டீச்சர்?"

"சின்னப் பிள்ளைக்காகத்தான் இயந்திரமே கண்டுபிடிச்சிருக்கான். பலசாலிக்கு எதுக்கு?"

நல்லாச் சொன்னேன்ல? எனக்கே அன்னைக்கு கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. சந்தோஷம்னு கூட சொல்ல முடியாது. மரத்துப்போன கால்ல லேசா ஊசி குத்துமே, அந்த மாதிரி. எனக்கு கொஞ்ச காலமாவே எதுவும் பெருசாத் தோணுறதில்ல. நல்லதும் தோணாது, கெட்டதும் தோணாது. டாக்டர்கிட்ட போனா ரத்தம் கம்மின்னு மாத்திரை குடுத்தாரு. அத விடுங்க.

மறுநாள் எல்லாரும் வீட்டுல இருந்து ஒரு எளிய இயந்திரம் கொண்டு வரணும்னு சொல்லிவிட்டேன். வருஷா வருஷம் சொல்றதுதான். போன வருஷம் இதுல ஒரு கூத்து நடந்துச்சு. ஒரு பய ஊர்ப் பொதுக் கிணத்துக் கப்பிய கயித்தோட அவுத்துக் கொண்டாந்துட்டான். பாடம் நடந்துக்கிட்டு இருக்கு, ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் குடத்தோட ஸ்கூலுக்குள்ள வந்துட்டாங்க. "பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தர்றீங்களா, களவு சொல்லித் தர்றீங்களா?"ன்னு ஒரே சத்தம். எச்.எம். பயந்துட்டாரு. அதுக்கப்புறம் அவரு ஒரு ரூல் போட்டாரு. எந்தப் பிள்ளை எந்தச் சாமான் கொண்டாந்தாலும் கிளாஸ் டீச்சர் உடனே அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, இன்ன சாமான் இங்க பத்திரமா இருக்கு, சாயங்காலம் வந்துரும்னு சொல்லிரணும். இது என் ரூல் கிடையாது. எச்.எம். ரூல். இத நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க.

இப்ப நான் பவதாரணி வீட்டப் பத்திச் சொல்லணும். அவங்கப்பா குருவையா. லோடு ஆட்டோ ஓட்டுறாரு. நல்ல உழைப்பாளி, குடிக்கமாட்டாரு. அம்மா சீனியம்மா. பவதாரணிக்கு மூத்தவ அங்காளேஸ்வரி. எங்கிட்டதான் படிச்சா அவளும். மதுரைல நர்சிங் படிச்சுக்கிட்டு இருந்தா. பொங்கலுக்கு வந்தவள அவரு திருப்பி அனுப்பல. அவரோட அக்கா மகனுக்கு கட்டி வெக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூட. ஆனா முறை இருக்குல்ல? அவ படிச்சு முடிச்சுட்டு வர்றேன்னா. முடியாதுன்னாரு. அந்த மாப்பிள்ளையே வேணாம்னா. அவ பெட்டிய எடுத்துக்கிட்டு தெரு முனை வரைக்கும் போனப்பதான் கூட்டியாந்து உள் ரூம்ல வெச்சுப் பூட்டுனாரு. போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாரு. சாவி அவரு அரைஞாண் கயித்துல. குளிக்க, கொள்ள மட்டும் தெறந்துவிடுவாரு. அதுக்கும் அவரு வீட்ல இருக்கணும்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். எங்க சத்துணவுல சமைக்கிற பேச்சியம்மாதான் எங்கிட்ட சொன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்தா. நான் என்ன சொல்றது? வீட்டு விஷயம். அதுவும் பூட்டுறதெல்லாம் பெரிய விஷயமா? எங்க வீட்லயே ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் வெளிய போனா வெளிப்பக்கம் பூட்டிட்டுத்தான் போவாரு. என் பாதுகாப்புக்கு. நான் அசந்து தூங்கிருவேன், எவனாவது உள்ள வந்துட்டான்னா? மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. காபித்தூள் தீந்துபோனா மட்டும் கொஞ்சம் சிரமம்.

எங்க விட்டேன்? ஆங், மறுநாள். காலைல பிள்ளைங்க ஒவ்வொண்ணா மேசைல கொண்டாந்து வெச்சுச்சுங்க. ஒருத்தி இடுக்கி கொண்டாந்தா, ஒருத்தன் கோடாலிய சாக்குல சுத்தி கொண்டாந்தான். ஒருத்தன் வெறுங்கையோட வந்து, "டீச்சர், எங்க பாட்டியோட பல்லு ஆப்பு தான, ஆனா தரமாட்டேங்குறாங்க"ன்னான். உக்கார வெச்சேன். கடைசியா பவதாரணி வந்தா. எப்பவும் மொத ஆளா வர்றவ. மஞ்சப்பையில எதையோ சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தா. மேசைல வெச்சதும் ணங்குன்னு சத்தம்.

தாழ்ப்பாள். கதவுல வெளிப்பக்கம் போடுற பெரிய இரும்புத் தாழ்ப்பாள். அதோட கொண்டி, தகடு எல்லாம் சேத்து முழுசா. அதுல பூட்டு தொங்குது. பூட்டு பூட்டுனது பூட்டுனபடியே இருக்கு. சாவியே போடல. கதவுல இருந்து திருகை மட்டும் கழட்டி அப்படியே முழுசா எடுத்தாந்திருக்கா. திருகெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள்ள. பெட்டியத் தெறந்து காட்டுனா, எண்ணெய் மினுமினுன்னு இருந்துச்சு.

"எப்படி கழட்டுன?"ன்னேன்.

"ராத்திரியே எண்ணெய் விட்டேன் டீச்சர். காலைல எங்கப்பா லோடுக்குப் போனதும் திருப்புளிய வெச்சு இடது பக்கம் திருப்புனேன். வந்துருச்சு."

"உங்கம்மா பாக்கலையா?"

"அம்மா அடுப்படில இருந்துச்சு டீச்சர். திரும்பவே இல்ல."

எனக்குச் சிரிப்பா வந்துச்சு. பாருங்க, பாடத்த எவ்வளவு நல்லா புரிஞ்சுக்கிட்டிருக்கா. நான் பிள்ளைங்ககிட்ட தாழ்ப்பாளத் தூக்கிக் காட்டி, "இதுல எளிய இயந்திரம் எது? தாழ்ப்பாளா, பூட்டா?"ன்னு கேட்டேன். எல்லாம் பூட்டு பூட்டுன்னு கத்துச்சுங்க. பவதாரணி மட்டும் தீப்பெட்டியத் தொட்டா. "இதான் டீச்சர்"னா. எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். நெசமாவே சொல்றேன், கண்காட்சிக்கு இதத்தான் மொத சாமானா வெக்கணும்னு அப்பவே முடிவு பண்ணேன்.

அப்ப அவ கேட்டா, "டீச்சர், இது சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு போன் மட்டும் போட்டுச் சொல்லிர்றேன்."

அவ மூஞ்சி செத்துப்போச்சு. "எங்க வீட்டுக்கு வேணாம் டீச்சர்"னா. எல்லா வீட்டுக்கும் போடுறேன், உங்க வீட்டுக்கு மட்டும் போடலைன்னா எச்.எம். கேப்பாருன்னு சொன்னேன். "அப்ப மத்தியானத்துக்கு மேல போடுங்க டீச்சர்." பக்கத்துல வந்து என் சேலைத் தலைப்பப் பிடிச்சுக்கிட்டு காதுல சொன்னா, "அக்கா மதுரைக்குப் போகுது டீச்சர். பரீட்சை இருக்கு. பஸ் ஏறிரட்டும் டீச்சர்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பொறுமையாத்தான் சொன்னேன். "பரீட்சைன்னா அப்பாகிட்ட சொல்லிட்டுப் போகட்டும். சொல்லாம போறது தப்பில்லையா?"ன்னு கேட்டேன். அவ தலைப்ப விடல. நானே விரல ஒண்ணொண்ணா எடுத்துவிட்டேன். நானும் சொல்லாமதான் இப்ப அக்கா வீட்டுக்குப் போறேன்னு நீங்க நெனைக்கலாம். அது வேற. நான் பெரிய மனுஷி. ராத்திரிக்குள்ள வீட்டுக்குத் திரும்பிருவேன்.

போன் போட்டேன். இடுக்கி வீடு, கோடாலி வீடு எல்லாத்துக்கும் வரிசையாப் போட்டேன். குருவையா எடுத்தாரு. "உங்க பொண்ணு தாழ்ப்பாளக் கழட்டி ஸ்கூலுக்குக் கொண்டாந்திருக்கு, இங்க பத்திரமா இருக்கு, கவலப்படாதீங்க"ன்னேன். அந்தப் பக்கம் வண்டிய ஓரங்கட்டி நிறுத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "எந்தத் தாழ்ப்பா?"ன்னாரு. "பூட்டோட இருக்கே, அது"ன்னேன். போன வெச்சுட்டாரு. ஒரு நன்றி கூட சொல்லல. நான் அடுத்த வீட்டுக்குப் போட்டேன்.

நம்ம பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு, சொல்லுங்க? அன்னைக்கும் லேட்டு. இதே பஸ்தாங்க. காலைல அந்தப் பக்கம் போகும், சாயங்காலம் இந்தப் பக்கம் வரும். அங்காளேஸ்வரி ஏறி உக்காந்துட்டாளாம், ஊரத் தாண்டி பாலத்துக்கிட்ட வரும்போது அவரு லோடு ஆட்டோவ குறுக்க போட்டு நிறுத்திருக்காரு. உள்ள ஏறி, "எறங்கு"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாராம். அடிக்கல, வையல. அவ கம்பியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பஸ்ஸுல அத்தன பேரு இருந்தாங்க, ஒருத்தரும் வாயத் தெறக்கலையாம். டிரைவர் "சீக்கிரம்மா, நேரமாச்சு"ன்னு ஹாரன் அடிச்சிருக்கான். எறங்கிட்டா. பேச்சியம்மாதான் சொன்னா. எந்த சீட்டுன்னு நான் கேட்கல. சில நாள் இதுல ஏறி உக்காரும்போது அந்த சீட்டா இருக்குமோன்னு தோணும். தோணும், அவ்வளவுதான்.

மத்தியானம் குருவையா ஸ்கூலுக்கு வந்தாரு. வாசல்ல செருப்ப விட்டுட்டுத்தான் கிளாசுக்குள்ள வந்தாரு, மரியாதை தெரிஞ்ச மனுஷன். "டீச்சர், நீங்க பண்ண உதவிய மறக்கமாட்டேன்"னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பிள்ளைங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கு. எனக்குக் கூச்சமாப் போச்சு. தாழ்ப்பாள எடுத்துக் குடுத்தேன். கண்காட்சிக்கு மட்டும் குடுங்க, திருப்பித் தந்துர்றேன்னு கேட்டேன். "இல்லைங்க டீச்சர், இது வேணும்"னாரு. தீப்பெட்டிய நீட்டுனேன். "திருகு வேணாம் டீச்சர். அத நீங்களே பாடத்துக்கு வெச்சுக்குங்க"ன்னாரு.

எதுக்குன்னு அப்ப புரியல. அந்த வாரமே மரக் கதவ எடுத்துட்டு இரும்புக் கதவு மாட்டி, அதுல அந்தத் தாழ்ப்பாள வெல்டிங் வெச்சுட்டாராம். இப்ப அதுல திருகுன்னு ஒண்ணுமே கிடையாது. இதான் சங்கதி. வெல்டிங் வெச்ச தாழ்ப்பாள நான் எப்படி கண்காட்சிக்குக் கொண்டு போறது? வெறும் தீப்பெட்டிய வெச்சா யாருக்குப் புரியும்? இத எச்.எம்.கிட்ட எத்தன தடவ சொல்றது?

கல்யாணம் நடந்துச்சு. நான் போனேன். போகாம எப்படி, வீட்டுக்கு வந்து பத்திரிக்க வெச்சாரே. எங்க வீட்டுக்காரரும் வந்தாரு. குருவையா அவர்கிட்ட, "உங்க வீட்டம்மா மட்டும் இல்லைன்னா என் மானம் போயிருக்கும்"னாரு. எங்க வீட்டுக்காரர் பெருமையா என்னப் பாத்தாரு. அவரு என்ன அப்படிப் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சு. அப்ப எனக்கு ஏதாவது தோணிருக்கணும்ல? ஒண்ணும் தோணல. பந்தில பால்பாயசம் ஊத்துனாங்க, குடிச்சேன், இனிப்பே தெரியல. சீனி கம்மியோன்னு பக்கத்துல கேட்டேன். இல்ல, தெகட்டுதுன்னாங்க.

மேடைல ஏறி விபூதி பூசிவிட்டேன். அங்காளேஸ்வரி குனிஞ்சு கும்பிட்டா. நிமிர்ந்து, "பவா நல்லாப் படிக்கிறாளா டீச்சர்?"னு கேட்டா.

"நல்லாப் படிக்கிறா."

"கேள்வி கேக்குறாளா?"

இல்ல. அவ அன்னைலேருந்து கேள்வியே கேக்குறதில்ல. ஆனா மணமேடைல நின்னுக்கிட்டு இருக்கிற பொண்ணுகிட்ட அதச் சொல்ல முடியுமா? "கேக்குறா"ன்னேன். "கேட்டா சொல்லிக் குடுங்க டீச்சர். அவளுக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும்"னா. போட்டோக்காரன் எங்க எல்லாரையும் சிரிக்கச் சொன்னான். சிரிச்சோம்.

இத்தோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட இவ்வளவு பேசமாட்டேன். என் வருத்தம் இனிமேதான்.

போன வாரம் பி.இ.ஓ., அதான் வட்டாரக் கல்வி அதிகாரி, ஸ்கூலுக்கு வந்தாரு. திடீர்னு வந்து நின்னாரு. எச்.எம். கூட நாலாங் கிளாசுக்கு வந்து, என்ன பாடம் நடத்திருக்கீங்கன்னு கேட்டாரு. எளிய இயந்திரம்னேன். "எளிய இயந்திரம்னா என்ன?"ன்னாரு. கிளாஸே எந்திரிச்சு கத்துச்சு, சின்ன விசைய வெச்சு பெரிய வேலையச் செய்ய உதவுறது எளிய இயந்திரம். அவருக்கு ரொம்ப சந்தோஷம். "நல்லது. புத்தகத்துல இல்லாத ஒரு எடுத்துக்காட்டு யாராவது சொல்லுங்க பாப்போம். உங்க வீட்ல நீங்களே பாத்தது"ன்னாரு.

பவதாரணி கை தூக்குனா. எவ்வளவு நாளைக்கப்புறம் தூக்குறா தெரியுமா? நான்தான் அவரு பக்கம் திரும்பி, "நல்லாப் படிக்கிற பொண்ணு சார், அவளக் கேளுங்க"ன்னு சொன்னேன். நானே சொன்னேன்.

எந்திரிச்சா. "போன், சார்"னா.

அவரு சிரிச்சாரு. "போனா? எப்படிம்மா?"

"டீச்சர் ஒரு விரல வெச்சு அமுக்குனாங்க சார். எங்க அக்கா பஸ்ஸ விட்டு எறங்கிருச்சு."

அவ கோவமாச் சொல்லல. அழல. கைய கட்டிக்கிட்டு, சாருக்கு விடை சொல்ற மாதிரி சத்தமா, தெளிவா சொன்னா. பேச்சியம்மா வாசல்ல முட்டைக் கூடையோட நிக்கிறா. எச்.எம். தரையப் பாக்குறாரு. அந்த சாருக்கு ஒண்ணும் புரியல, ஆனா ஏதோ ஒண்ணுன்னு தெரிஞ்சு எம் மூஞ்சியப் பாக்குறாரு. அத்தன பேரும் எம் மூஞ்சியவே பாத்தா நான் என்ன பண்றது?

நான் டீச்சர் வேலையப் பண்ணேன். "தப்பு. போன் எளிய இயந்திரம் கிடையாது. அது மின்சாதனம். உக்காரு"ன்னேன்.

"சரிங்க டீச்சர்"னு உக்காந்துட்டா.

சரிதானங்க? நீங்களும் படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நெம்புகோல், கப்பி, சக்கரம், சாய்தளம், ஆப்பு, திருகு. இதுல போன் எங்க வருது? புத்தகத்துல இல்லாதத சரின்னு சொல்லிர முடியுமா? அதுக்கப்புறம் எச்.எம். எங்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்ல. பேச்சியம்மா மத்தியானம் எனக்கு சாப்பாடு வெச்சுட்டு ஒண்ணும் பேசாம போயிர்றா. அந்தப் பிள்ளை மட்டும் காலைல வழக்கம்போல வணக்கம் டீச்சர்ங்குது. எல்லாரும் சேந்து என்ன என்னவோ பண்ணிட்ட மாதிரி நடத்துறாங்க. நான் ஒரு தப்பான விடையத் திருத்துனேன். அவ்வளவுதான்.

நீங்க ஏன் ஒண்ணும் சொல்லமாட்டேங்குறீங்க?

ஒரு நிமிஷம் இருங்க. போன் அடிக்குது.

ம், சொல்லுங்க... ஆமா, முடிஞ்சிருச்சு... பஸ்ஸுலதான்... இல்லைங்க, எங்கயும் போகல... விலக்குக்கு வரப்போகுது... அப்படியா? எப்ப வந்தீங்க?... சரிங்க. சரி.

அவர்தான். கண்காட்சி சீக்கிரமே முடிஞ்சிருச்சுன்னு யாரோ சொல்லிருக்காங்க. விலக்குல வண்டியோட நிக்கிறாராம்.

கோவில்பட்டி டிக்கெட்டா? கெடக்கட்டும், அதுக்கென்ன. அக்காவ இன்னொரு நாள் பாத்துக்கலாம். அவ கால் எங்க போயிரப் போகுது, கட்டுலதான இருக்கு.

அந்தப் பையக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. பாத்து, கப்பி நழுவிரும். கண்டக்டர் தம்பி, விலக்குல நிறுத்துங்க. ஆமா, நான் ஒருத்திதான். எறங்குறேன்.